கட்சியில் சேர்வதா, சேராமல் வாக்களிப்பதா: கொழும்பிலிருந்து ஓர் ஒப்பீடு

வேதாகம நெறியை விட்டுக்கொடுக்காமல் வாழ முயலும் கிறிஸ்தவர் ஒரு கட்சியோடு தம்மை இணைத்துக்கொள்ள வேண்டுமா, அல்லது எதிலும் சேராமல் தேர்தலுக்குத் தேர்தல் ஆளைப் பார்த்து வாக்களிக்க வேண்டுமா என்ற கேள்வி எங்கள் சபையின் வாலிபர் கூட்டத்தில் அண்மையில் எழுந்தது. நான் இரண்டு வழியிலும் நடந்தவன். கொட்டாஞ்சேனையில் ஒரு கட்சியின் கிளைச் சங்கத்தில் ஆறு ஆண்டுகள் உறுப்பினனாக இருந்து விலகினேன். சேராமல் இருப்பதே நல்லது என்ற பக்கம் சாய்ந்தே இதை எழுதுகிறேன்.

கட்சியில் சேர்வதன் பயன்களை யாரும் அறிவர். வடிகால், வீதி விளக்கு, பாடசாலை அனுமதி என்று எதற்கும் பேசுவதற்கு ஓர் ஆள் கிடைப்பார். நாட்டின் சனத்தொகையில் ஏறக்குறைய 7 வீதமாக இருக்கும் நமக்கு அது சிறிய காரியமல்ல. கிறிஸ்தவரான எஸ். ஜே. வி. செல்வநாயகம், பெரும்பாலும் இந்துக்களைக் கொண்ட தமிழ் மக்களின் கட்சியை 1949 இல் தொடக்கிப் பல ஆண்டுகள் வழிநடத்தினார் என்பதையும் மறக்கக் கூடாது. கட்சி அரசியல் விசுவாசத்துக்குப் பகை என்று நான் சொல்ல வரவில்லை.

வாலிபர்கள் அமெரிக்காவைச் சுட்டிக்காட்டினார்கள். அங்கே கருக்கலைப்பு விடயத்தில் இரண்டு பெரிய கட்சிகளும் எதிரெதிராக நிற்பதால், ஒரு கட்சியைச் சார்வதற்குப் பொருள் இருக்கிறது. கருக்கலைப்பை உரிமையாக்கிய உச்ச நீதிமன்றத்தின் 1973 ஆம் ஆண்டுத் தீர்ப்பு 2022 இல் மாற்றப்பட்டது அந்தச் சார்பின் பலன்தான். ஆனாலும் 2024 இல், கருக்கலைப்பை எதிர்த்துவந்த குடியரசுக் கட்சியே தன் கொள்கை அறிக்கையில் கருக்கலைப்புப் பற்றிய பகுதியைத் தளர்த்தியபோது, அதன் கிறிஸ்தவ ஆதரவாளர்களுக்குப் போக வேறிடம் இருக்கவில்லை. நமது நாட்டில் அத்தகைய பிளவே இல்லை. தாயின் உயிரைக் காப்பதற்கன்றிக் கருக்கலைப்பு செய்வதைத் தண்டனைச் சட்டக்கோவையின் 303 ஆம் பிரிவு தடுக்கிறது. 2017 இல் அதைத் தளர்த்த முயன்றபோது கத்தோலிக்கத் திருச்சபை எதிர்த்து நின்றதே தவிர, எந்தப் பெரிய கட்சியும் அதைத் தன் கொடியாக ஏந்தவில்லை.

நம் வரலாற்றில் எனக்கு மிகவும் உறைப்பது 1960களின் கதை. சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம் 1960 இல் அரச உதவி பெற்றுப் பெரும்பாலும் திருச்சபைகள் நடத்திவந்த பாடசாலைகளைப் பொறுப்பேற்கச் சட்டம் கொண்டுவந்தபோது, கத்தோலிக்கர்கள் பாடசாலைகளுக்குள் குடியிருந்து போராடினார்கள். பெரும்பாலும் ஐக்கிய தேசியக் கட்சியையே நம்பினார்கள். 1965 இல் அக்கட்சி ஆட்சிக்கு வந்தது. பாடசாலைகள் திரும்பி வரவில்லை. அதற்கும் மேலாக, 1966 இல் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை நீக்கப்பட்டு, நிலவின் சுழற்சியை ஒட்டி வரும் பௌத்தப் புனித நாட்களான போயா நாட்கள் வார விடுமுறையாயின. ஞாயிறு விடுமுறையை 1971 இல் மீட்டுத் தந்தது, பாடசாலைகளை எடுத்துக்கொண்ட அதே சிறிமாவோவின் அரசாங்கம். கையில் வந்து சேர்ந்துவிட்ட வாக்குக்கு எந்தக் கட்சியும் மறுபடி விலை கொடுப்பதில்லை.

எனினும் என்னை விலகச் செய்தது இந்தக் கணக்கு அல்ல, நாவுதான். உறுப்புரிமையைப் பெறுவது எளிது. அதைக் காத்துக்கொள்வதற்கு ஒவ்வொரு வாரமும் எதையாவது சொல்ல வேண்டியிருக்கும், எதையாவது சொல்லாமல் விழுங்க வேண்டியிருக்கும். கொழும்புக்கு வெளியே ஒரு சிறிய ஜெபவீட்டை மூடச் சொல்லிக் கூட்டம் திரண்டபோது, அந்தக் கூட்டத்தின் முன்னணியில் எங்கள் கட்சியின் உள்ளூர் ஆட்கள் இருந்தார்கள். அது மதப் பிரச்சினை அல்ல, காணித் தகராறு என்று சபையாரிடம் சொல்லும்படி என்னிடம் கேட்டார்கள். நான் சொன்னேன். அந்தப் போதகரின் மனைவியிடமே சொன்னேன். அவர் மறுத்துப் பேசவில்லை. “நீங்கள் சொன்னால் சரி, அண்ணா” என்று மட்டும் சொன்னார். ஒன்பதாம் கட்டளையைச் சிறுவயதில் மனனம் செய்தவன் நான். கருக்கலைப்பைப் பற்றியும் குடும்பத்தைப் பற்றியும் உறுதியான நிலைப்பாடு கொண்டவர்கள், பொய்ச்சாட்சியை மாத்திரம் அரசியலில் தவிர்க்க முடியாத சிறு குற்றமாகக் கருதுவது எந்த நியாயத்தில் சேரும் என்று இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலில் கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி தேவாலயங்களிலும் மட்டக்களப்பு சியோன் சபையிலும் உறவுகளை இழந்தவர்கள், மைத்திரிபால முதல் அநுர குமார வரை நான்கு ஜனாதிபதிகளின் காலத்தில் நீதி கேட்டு நிற்கிறார்கள். அந்த நால்வரில் ஒருவருடைய கட்சியைச் சேர்ந்திருந்தால், அவரிடம் மட்டும் அந்தக் கேள்வியை மென்மையாகக் கேட்டிருப்பேன். சிங்களவரும் தமிழரும் ஒரே அப்பத்தைப் பகிரும் நம் சபைகளுக்கு அது பெரும் தீங்கு.

சேராமல் இருப்பதிலும் குறை உண்டு. தனி ஆளின் சொல்லுக்கு எடை குறைவு. பாராளுமன்றத் தேர்தலில் முதலில் ஒரு கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ புள்ளடி இட்ட பின்னரே அதன் வேட்பாளர்களுக்கு மூன்று விருப்பு வாக்குகளை அளிக்க முடியும் என்பதால், கட்சியை முற்றாகத் தாண்டிச் செல்லவும் வழியில்லை. நாங்கள் நான்கு பேர் சேர்ந்து, புதிய வழிபாட்டிடங்களுக்கு அனுமதி கோரும் 2008 ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையைப் பற்றி வேட்பாளர்களிடம் நேரில் கேட்கத் தொடங்கியிருக்கிறோம். இரண்டு தேர்தல்களில் மட்டுமே செய்த முயற்சி என்பதால், இதனால் பலன் விளைந்தது என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

யாழ்ப்பாணத்துக்கும் மன்னாருக்கும் மலையகத்துக்கும் இதே தீர்ப்பை நான் வழங்கவும் மாட்டேன். காணியும் மொழியும் சம்பளமும் கட்சி வழியாகவே பேசப்படும் இடங்களில் விலகி நிற்பதன் விலை வேறு. கூட்டத்தில் ஒரு தங்கை, மாநகர சபைக்குப் போட்டியிடும் தன் மாமாவுக்கு உதவலாமா என்று கேட்டாள். உதவச் சொன்னேன். உறுப்புரிமைப் படிவத்தில் கையெழுத்திடுமுன், அந்தக் கட்சி செய்த ஒரு தவறைச் சபையின் முன் பெயர் சொல்லிப் பேச மாமா அனுமதிப்பாரா என்று கேட்டுப் பார்க்கவும் சொன்னேன். அவள் இன்னும் கேட்கவில்லை.