பெக்வியாவில் நங்கூரமா, மிதவையா?

கரீபியன் கடலில், செயின்ட் வின்சென்ட் தீவுக்குத் தெற்கே இருக்கும் சின்னத் தீவு பெக்வியா. அதன் அட்மிரால்டி விரிகுடா மேற்கு பார்த்தது. கிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்று கிளப்பும் அலை உள்ளே வராது. பாய்மரப் படகில் வருகிறவர்களுக்கு இங்கே ஒரே குழப்பம்: சொந்த நங்கூரம் போடுவதா, கடலடியோடு சங்கிலியால் பிணைத்து மிதக்கவிட்டிருக்கும் மிதவையில் கட்டுவதா?

செலவு: மிதவைக்கு இரவு வாடகை உண்டு. நங்கூரத்துக்கு இல்லை.

சிரமம்: மிதவையில் கயிற்றைக் கோத்தால் வேலை முடிந்தது. நங்கூரத்துக்கு அடியில் மணல் இருக்கும் இடமாகப் பார்க்க வேண்டும், கடற்புல்லில் சரியாகப் பிடிக்காது. 5 மீட்டர் ஆழத்துக்கு 25 மீட்டர் சங்கிலியாவது விட்டு, இன்ஜினைப் பின்னோக்கி ஓட்டி இழுத்துப் பாருங்கள்.

நம்பிக்கை: இதில்தான் விஷயமே. மிதவைக்கு அடியில் சங்கிலி தேய்ந்திருக்கிறதா என்று மேலிருந்து தெரியாது. மூழ்கிப் பார்க்காத மிதவையில் எனக்குத் தூக்கம் வராது.

இடம்: சங்கிலி நீண்டால் படகு பெரிய வட்டமடிக்கும். நெரிசலில் மிதவையே நல்லது.

சரி, கரைக்கு? வேறு நாட்டிலிருந்து வந்தால், முதலில் இன்னும் நுழைவு அனுமதி பெறவில்லை என்று காட்டும் மஞ்சள் கொடி ஏற்றி, கேப்டன் மட்டும் கரையிலிருக்கும் போர்ட் எலிசபெத் ஊரில் குடிவரவு, சுங்க வேலைகளை முடிக்க வேண்டும். அப்புறம் சொந்த ரப்பர் படகோ, வாடகைப் படகோ.

நல்ல சங்கிலி வைத்து நாலைந்து நாள் தங்குகிறவர்களுக்கு நங்கூரம். ஒரே இரவு, இருட்டுவதற்குள் கட்டியாக வேண்டும் என்றால் மிதவை, ஆனால் ஒருமுறை மூழ்கிப் பார்த்துவிட்டு.