அமெரிக்காவின் மலிவு விலை ஆயில் சேஞ்ச் கடைகள்: நீண்டகாலப் பயன்பாட்டில் தெரிவது

என்ஜின் ஆயில் மாற்றித்தரும் இந்தக் கடைகளின் தள்ளுபடிக் கூப்பனில் விலை பெரிய எழுத்தில் இருக்கும். அதன் கீழே பொடி எழுத்தில் இரண்டு நிபந்தனைகள்: ஐந்து குவார்ட் (ஒரு குவார்ட் ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு) வரை மட்டும்; சாதாரண ஆயில் அல்லது சிந்தெடிக் கலவை (செயற்கை ஆயில் ஓரளவு கலந்தது). விலை ஏன் குறைவு என்பதற்குப் பாதி விடை இங்கேயே இருக்கிறது.

நம்மவர்கள் அதிகம் வாங்கும் வண்டிகளைப் பாருங்கள். கடந்த பத்தாண்டில் வந்த டொயோட்டா கேம்ரி, கொரோலா, ஹோண்டா சிவிக், சிஆர்-வி எல்லாவற்றுக்கும் மேனுவல் கேட்பது 0டபிள்யூ-20 அல்லது 0டபிள்யூ-16 (ஆயில் எவ்வளவு மெல்லியது என்பதைக் குறிக்கும் எண்கள்). இவை பெரும்பாலும் முழு சிந்தெடிக்காகத்தான் விற்பனைக்கு வருகின்றன. அதனால் கவுண்டரில் நின்றதுமே கூப்பன் விலை பொருந்தாமல் போகிறது. பழைய 3.5 லிட்டர் வி6 டொயோட்டா சியன்னாவுக்கு 6.4 குவார்ட் வேண்டும். ஐந்துக்கு மேல் போகும் ஒவ்வொரு குவார்ட்டுக்கும் தனிக் காசு. கூப்பன் அச்சாகப் பொருந்துவது 2005 கொரோலா போன்ற வண்டிக்கு: 5டபிள்யூ-30, நான்கு குவார்ட்டுக்கும் சற்றுக் குறைவு. அப்படி ஒரு பழைய வண்டி வைத்திருப்பவருக்கு இந்தக் கடைகள் உண்மையிலேயே மலிவுதான்.

மீதிச் சிக்கனம் வேலை நடக்கும் முறையில் இருக்கிறது. ஆயில் பாட்டிலில் வருவதில்லை. 55 கேலன் டிரம்மிலோ பெரிய தொட்டியிலோ மொத்தமாக வாங்கி, அளவு காட்டும் துப்பாக்கிக் குழாய் வழியாக ஊற்றுகிறார்கள். வண்டியை லிஃப்டில் ஏற்றும் நேரமும் மிச்சம்: கீழே குழி, அதில் ஒருவர் பழைய ஆயிலை வடித்து ஃபில்டரைக் கழற்றுவார், மேலே ஒருவர் பானட்டைத் திறந்து மற்றதைப் பார்ப்பார். முழுத் தேர்ச்சி பெற்ற மெக்கானிக் இதற்குத் தேவையில்லை. சில வாரப் பயிற்சியோடு வந்த இளைஞர்களே செய்துவிடுகிறார்கள். பழைய ஆயிலும் வீணாவதில்லை. சுத்திகரிப்புக்கு எடுப்பவர்களிடம் போகும், அல்லது குளிர் மாநிலங்களில் கடையின் ஹீட்டரிலேயே எரியும். கடை தன்னிடம் சேர்ந்த ஆயிலை, மணிக்கு 5 லட்சம் பிடியூ (வெப்ப அலகு) வரையுள்ள ஹீட்டரில் எரித்துக்கொள்ள அமெரிக்கச் சுற்றுச்சூழல் விதியே அனுமதிக்கிறது. பில்லில் 'கழிவு அகற்றும் கட்டணம்' என்று சில டாலர் வருவது தனிக் கதை.

ஃபில்டரிலும் மிச்சம் பிடிக்கிறார்கள். பெயரில்லாத வெள்ளைப் பெட்டி ஃபில்டர்களில் சிலவற்றில், ஆயில் திரும்ப வடியாமல் தடுக்கும் வால்வு சிலிகானுக்குப் பதில் நைட்ரைல் ரப்பரில் இருக்கும். அது சூட்டில் விறைத்துப்போகும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஓரிரு நொடி கடகடவென்ற சத்தம் வந்தால் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். 5,000 மைலில் மாற்றுபவருக்கு இது பெரிய விஷயமில்லை. 10,000 மைல் ஓட்டுபவர் நல்ல ஃபில்டருக்குக் கூடுதலாகக் கொடுப்பது நல்லது.

இவ்வளவு சிக்கனம் செய்தும் ஆயில் சேஞ்சில் லாபம் சொற்பமே. ஒரு வண்டிக்குச் சராசரியாக எவ்வளவு பில் விழுகிறது என்பதை வைத்தே கடையை அளக்கிறார்கள். பல இடங்களில் ஊழியருக்கு ஊக்கத்தொகையும் அதை ஒட்டியே. அதனால்தான் உங்கள் ஏர் ஃபில்டரைக் கையில் ஏந்திக்கொண்டு ஜன்னலருகே வருகிறார்கள். கொரோலாவில் ஏர் ஃபில்டர் பெட்டிக்கு இரண்டு கிளிப், கேபின் ஃபில்டர் கையுறைப் பெட்டிக்குப் பின்னால். கருவியே வேண்டாம், ஐந்து நிமிட வேலை. உதிரிபாகக் கடையில் வாங்கிப் போட்டால் இவர்கள் சொல்லும் விலையில் பாதிகூட ஆகாது. ஃபில்டரை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, ஒளி தெரிந்தால் திரும்பப் போடச் சொல்லுங்கள். என்ஜின் ஃபிளஷ், ஃபியூயல் சிஸ்டம் கிளீனிங் இரண்டுக்கும் தயங்காமல் மறுப்புச் சொல்லலாம். கியர்பாக்ஸ் ஆயிலுக்கு இன்னும் உறுதியாக. ஹோண்டா சிவிடி (படிகள் இல்லாத ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) கேட்பது எச்சிஎஃப்-2 என்ற தனி ஆயில். கடையில் இருப்பது பெரும்பாலும் 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' வகை.

இனி எங்கே கெட்டுப்போகிறது என்பது. இதைத்தான் விலைப்பலகை சொல்லாது.

ஹோண்டாவின் டிரெயின் பிளக்கில் (ஆயில் வடிக்கும் துளையை மூடும் திருகு) 14 மிமீ அலுமினிய வாஷர் ஒன்று உண்டு. ஒருமுறை நசுங்கி அடைப்பதற்கே செய்யப்பட்டது, ஒவ்வொரு முறையும் புதிது போட வேண்டும். சில்லறைக் காசுதான், ஆனால் அவசரத்தில் பழையதையே போட்டுவிடுகிறார்கள். கசியும், கசிவை நிறுத்த அடுத்த முறை இன்னும் இறுக்குவார்கள். சரியான அளவு சுமார் 40 நியூட்டன் மீட்டர், அதாவது 30 பவுண்டு-அடி. அதைத் தாண்டித் தாண்டிப் போய், அலுமினிய ஆயில் பேனின் (என்ஜினின் அடியில் ஆயில் சேரும் தொட்டி) மரை ஒருநாள் கழன்றுவிடும். அது நடப்பது மூன்றாவது நான்காவது சேஞ்சில், பெரும்பாலும் வேறொரு கடையில். யார் இறுக்கியது என்று நிரூபிக்க வழியே இருக்காது.

டொயோட்டாவின் கார்ட்ரிட்ஜ் வகை (உள்ளிருக்கும் காகித உருளையை மட்டும் மாற்றுவது) ஃபில்டரில் பிளாஸ்டிக் மூடி. 64 மிமீ, 14 பல் கொண்ட தனி சாக்கெட் போட்டு 25 நியூட்டன் மீட்டருக்கு இறுக்க வேண்டியதை, பெல்ட் ரெஞ்சால் திருகினால் மூடி விரிசல் விடும். சுழற்றிப் போடும் ஃபில்டரில் வேறு ஆபத்து: பழைய ரப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொள்ள, அதன் மேல் புதியதை ஏற்றிவிடுவது. அழுத்தம் ஏறியதும் ஆயில் பீறிட்டுக்கொண்டு வெளியே வரும். சுபாருவில் என்ஜின் ஆயிலுக்குப் பதில் சிவிடி ஆயிலை வடித்துவிட்டு, என்ஜினில் இன்னொரு ஐந்து குவார்ட் ஊற்றுவது இந்தத் துறையில் எல்லோரும் அறிந்த பிழை. கியர்பாக்ஸ் காலி, என்ஜினில் இரட்டிப்பு. இவ்வளவு போகாவிட்டாலும், மூன்றே முக்கால் குவார்ட்டுக்கு மேல் தேவையில்லாத 1.5 டர்போ சிஆர்-வியில் பழக்கதோஷத்தில் ஐந்து ஊற்றுவது சாதாரணம்.

இவற்றில் பலவற்றைப் பிடிக்க ஒரு டிஷ்யூ பேப்பர் போதும். வேலை முடிந்ததும் கடை வாசலை விட்டு வெளியேறாமல், சமதளத்தில் நிறுத்தி என்ஜினை அணைத்து ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை (ஆயில் மட்டம் காட்டும் கம்பி) எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே, மேல் புள்ளியை ஒட்டி இருக்க வேண்டும். ஆயில் மூடி இருக்கிறதா, வண்டிக்கு அடியில் சொட்டு இருக்கிறதா என்று பாருங்கள். மறுநாள் காலையும் நிறுத்திய இடத்தைப் பாருங்கள்.

போகும் முன்பே மேனுவலில் ஆயில் தரமும் அளவும் பார்த்து வைத்துக்கொண்டு, போன் செய்து 'இந்த வண்டி, இந்த ஆண்டு, 0டபிள்யூ-20 முழு சிந்தெடிக், வரி கட்டணம் எல்லாம் சேர்த்து எவ்வளவு' என்று கேளுங்கள். அந்தத் தொகையை டீலர் கூப்பனோடு ஒப்பிடுங்கள். சிந்தெடிக் என்று வந்துவிட்டால் டீலர் விலை பல நேரம் இவர்களை ஒட்டியே இருக்கும், அசல் ஃபில்டரும் புது வாஷரும் சேர்த்து. புது டொயோட்டாவாக இருந்தால் முதல் 2 ஆண்டு அல்லது 25,000 மைல் வரை டீலரிடம் ஆயில் சேஞ்ச் இலவசம். அதுவரை இந்தக் கடைகளுக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. சொந்தமாகச் செய்தால் ஐந்து குவார்ட் சிந்தெடிக் கேன் 20 முதல் 30 டாலர், ஃபில்டர் பத்து டாலரை ஒட்டி. ஆனால் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் ஆயில் வடிக்க விடமாட்டார்கள், அதனால் நம்மில் பலருக்கு இது ஏட்டுச் சுரைக்காய்தான்.

பில்லை மட்டும் தூக்கிப் போடாதீர்கள். ஆயிலின் பிராண்ட், தரம் (0டபிள்யூ-20 போல), ஏபிஐ வகை (அமெரிக்க பெட்ரோலியக் கழகம் தரும் எழுத்துக் குறி) மூன்றும் அதில் எழுதியிருக்க வேண்டும். எஸ்பி அல்லது 2025-இல் வந்த எஸ்கியூ என்றிருந்தால் சரி. டீலரிடம் செய்யவில்லை என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை மறுக்க 1975-ஆம் ஆண்டின் மாக்னசன்-மாஸ் சட்டம் இடம் தருவதில்லை. ஆனால் ஆயில் மாற்றியதற்குச் சான்று கேட்டால், கையில் இருக்கப்போவது இந்தக் காகிதம்தான்.

கடைசியாக, அடுத்த சேஞ்ச் எப்போது என்று எழுதிக் கண்ணாடி மூலையில் ஒட்டும் ஸ்டிக்கர். பல கடைகள் இன்னும் 3,000 மைல் என்று எழுதுகின்றன. 0டபிள்யூ-20 சிந்தெடிக் போட்ட டொயோட்டாவுக்குச் சாதாரண ஓட்டத்தில் 10,000 மைல் அல்லது 12 மாதம், குறுந்தூர ஓட்டமும் தூசிச் சாலையுமாக இருந்தால் 5,000. ஹோண்டாவில் மெயின்டனன்ஸ் மைண்டர் (ஆயிலின் மீதி ஆயுளைக் காட்டும் டேஷ்போர்டு வசதி) காட்டும் சதவீதத்தைப் பார்த்தால் போதும். அதை ரீசெட் செய்தார்களா என்று மட்டும் கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.