மண்கட்டா, கடல் தண்ணீரா?

எரிமலைக் குழம்பிடமிருந்து வீடுகளைக் காக்க ஐஸ்லாந்துக்காரர் இரண்டு வழி பார்த்தார்கள். வன்னியில் குளக்கட்டில் ஓடித் திரிந்து வளர்ந்த எனக்கு முதலாவது உடனே விளங்கியது. மண்ணும் கல்லும் குவித்துக் கட்டுப் போட்டு, குழம்பை வேறு பக்கம் திருப்புவது. 2023 நவம்பரில் ஸ்வார்ட்செங்கி மின்நிலையத்தைச் சுற்றியும், அப்புறம் கிரிண்டாவிக் ஊரோரமும் அப்படித்தான் தொடங்கினார்கள். 2024 ஜனவரி 14 அன்று பெரும்பகுதிக் குழம்பைக் கட்டு திருப்பிவிட்டது, ஆனால் கட்டுக்கு உள்ளேயே நிலத்தில் இன்னொரு பிளவு திறந்து மூன்று வீடுகள் எரிந்தன. மாரியில் நண்டுவளையால் தண்ணீர் கசிய, பெரியப்பா மண்மூட்டையோடு ஓடியது நினைவுக்கு வந்தது. நிலமே பிளந்தால் எந்த மூட்டையை வைப்பது?

மற்றது கடல் தண்ணீர். 1973இல் ஹெய்மாய் தீவில் மாதக்கணக்கில் பம்ப் வைத்து, ஏறக்குறைய 60 இலட்சம் கனமீற்றர் தண்ணீரைக் குழம்பின் முகப்பில் அடித்து இறுக வைத்தார்கள். நூற்றுக்கணக்கான வீடுகள் போயின, ஆனால் துறைமுகம் தப்பியது. அதுதான் அந்த ஊரின் சோறு.

சரி, எனக்குக் கட்டுத்தான் முதலில். குழம்பு வருமுன்பே போடலாம், கடல் பக்கத்தில் இருக்கவேண்டும் என்றில்லை. தண்ணீர், கட்டு தளரும் இடத்துக்கு.