ஜீப்புக்கு ஓவர்டிரைவ் போடப் போகிறவர்கள் கவனத்துக்கு: எனக்கு நடந்தது

போன ஆனி மாதம், மழை விட்ட ஒரு காலையில், காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் மாந்தோப்பில் ஜீப் படாரென்ற சத்தத்தோடு நின்றது. பின்னால் பதினைந்து பெட்டி பெங்களூரா காய். சேற்றைத் தாண்ட, நாலு சக்கரமும் இழுக்க ஃபோர் வீல் போட்டிருந்தேன். சேறு இருந்தவரை முக்கி முக்கி வந்த வண்டி, கெட்டியான வண்டிப்பாதையில் ஏறியதும் உதற ஆரம்பித்தது. ஃபோர் வீல் லீவரைத் திரும்ப எடுக்கப் பார்த்தேன், அசையவில்லை. அடுத்த பத்தடியில் முன் ஷாஃப்டின் (முன் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) கிராஸ் மூட்டு உடைந்து, ட்ரான்ஸ்ஃபர் கேஸ் (சுழற்சியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) கூடு விரிசல் விட்டு, ஆயில் மண்ணில் ஒழுகியது. அப்பா வாங்கிய வண்டி. 1994 மாடல் மஹிந்திரா எம்எம்540. முப்பது வருஷத்தில் ஒருநாளும் தோப்புக்குள் நின்றதில்லை.

அதற்கு நாலு மாதம் முன்புதான் ஓசூர் பக்கம் ஒரு பட்டறையில் 92,000 ரூபாய் கொடுத்து ஓவர்டிரைவ் வேலை பார்த்திருந்தேன். பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் என்ன செய்தார்கள், எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதை முழுதாக எழுதுகிறேன். பழைய ஜீப்பை ஹைவேயில் ஓட்டுகிற நம் ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் இந்த ஆசை வரும் என்பது எனக்குத் தெரியும்.

ஆசை என்ன? இந்த ஜீப்பின் பின் ஹவுசிங்கில் (பின் அச்சின் நடுவே பல்சக்கரங்கள் இருக்கும் கூடு) சக்கரத்தைச் சுற்றும் கிரவுன் 43 பல், ஷாஃப்ட் சுற்றும் சின்னப் பல்சக்கரமான பினியன் 8 பல். வகுத்தால் 5.38. ஷாஃப்ட் ஐந்தேகால் சுற்றுக்கு மேல் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று. 6.00-16 டயரில் நாலாவது கியரில் 80 கிலோமீட்டர் வேகம் போக எஞ்சின் கிட்டத்தட்ட 3,200 சுற்று சுற்ற வேண்டும். கிருஷ்ணகிரியிலிருந்து சேலம் போய் வந்தால் இரண்டு நாளைக்குக் காதுக்குள் அந்த இரைச்சல் இருக்கும். ஐந்து கியர் பெட்டி மாட்டி, ஐந்தாவதை ஓவர்டிரைவாக, அதாவது எஞ்சினைவிட ஷாஃப்ட் வேகமாகச் சுற்றும் கியராக வைத்தால் எஞ்சின் நிதானமாக ஓடும், டீசலும் மிஞ்சும். இது வரை எல்லாம் சரி.

பட்டறைக்காரர் செல்போனில் ஒரு வீடியோ காட்டினார். அமெரிக்காவில் ஓடும் கோப்ரா ரெப்ளிக்கா கார். 1960களில் வந்த ஷெல்பி கோப்ராவின் அச்சு அசல் நகல். "100-ல போறான், எஞ்சின் 1,800 தான் சுத்துது பாருங்க சார். அவன் அஞ்சாவது கியர் 0.64 போட்டிருக்கான். உங்க வண்டியையும் அதே மாதிரி ஆக்கித் தர்றேன், 80-ல தூங்கும்" என்றார். நான் மயங்கியது அந்த இடத்தில்தான்.

அந்தக் காரைப் பற்றி அப்புறம் உட்கார்ந்து படித்தேன். முன்னாலேயே படித்திருக்க வேண்டும். அசல் 427 கோப்ராவில் இருந்தது 7 லிட்டர் வி8 எஞ்சின். என் ஜீப்பின் 2.1 லிட்டர் பெஜோ டீசல் எஞ்சினைப்போல் ஐந்து மடங்கு இழுவை அதற்கு. கார் தரையோடு தரையாகக் கிடக்கும், காற்றில் மோதும் பரப்பு குறைவு. ஜீப் நெஞ்சை நிமிர்த்திக் காற்றில் மோதும். அந்த நகல் கார்களில் போடும் டிரெமெக் டிகேஓ600 கியர் பெட்டி இரண்டு விதமாக வந்தது: ஐந்தாவது 0.64, அல்லது 0.82. அதாவது ஷாஃப்ட் 100 சுற்று சுற்ற எஞ்சின் 64 சுற்றினால் போதும், இல்லை 82 சுற்ற வேண்டும். அவ்வளவு பெரிய எஞ்சின் வைத்திருப்பவர்களே பின் ஹவுசிங் 3.31-ஆ, 3.55-ஆ, 3.73-ஆ என்று பார்க்காமல் இதைத் தேர்ந்தெடுப்பதில்லை. 3.31-உடன் 0.64 சேர்ந்தால் 80 கிலோமீட்டரில் எஞ்சின் 1,400 சுற்றைக்கூடத் தொடாது. அதிக சுற்றுக்கென்றே பந்தய கேம்ஷாஃப்ட் போட்ட எஞ்சின் அந்தச் சுற்றில் இடறும், ஐந்தாவது கியர் இருந்தும் நாலாவதிலேயே ஓட்ட வேண்டிவரும். நாலாவதிலிருந்து ஐந்தாவதுக்கு மாற்றும்போது 0.64-ல் எஞ்சின் சுற்று 36 சதவீதம் விழும், 0.82-ல் 18 சதவீதம்தான். வி8 எஞ்சினுக்கே இவ்வளவு கணக்கு இருக்கும்போது 62 குதிரைத்திறன் ஜீப்புக்கு எவ்வளவு பார்த்திருக்க வேண்டும்!

சரி, பட்டறையில் பேசியது இது. ஐந்தாவது 0.8 இருக்கிற பழைய பெட்டி ஒன்றை மாட்டுவது. கூடவே, ஹவுசிங்கில் ஊளைச் சத்தம் வருகிறது, கிரவுன் பினியன் தேய்ந்துவிட்டது, முன்னும் பின்னும் அதே 43-8 புது செட் போட வேண்டும் என்றார். ஃபோர் வீல் வண்டியில் இரண்டும் ஒரே கணக்கில் இருக்க வேண்டும் என்று அவரே சொன்னார். செட் 17,000, இரண்டுக்கு 34,000. பில்லிலும் இரண்டு செட் என்றே எழுதிக் கொடுத்தார். அந்த பில்லைப் பத்திரமாக வைத்திருந்தது ஒன்றுதான் நான் உருப்படியாகச் செய்த காரியம். கழற்றிய பழைய செட்டைக் கேட்டு வாங்கவில்லை.

வண்டி வந்தது. சமதரையில் அமைதியாக ஓடியது, நானும் சந்தோஷப்பட்டேன். அடுத்த வாரம் சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் ஐந்தாவது செத்துவிட்டது. நாலாவதும் திணறியது. மூன்றாவதில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து வந்தேன். முன்பெல்லாம் அந்த ஏற்றத்தில் நாலாவதிலேயே ஓரளவு வந்துவிடும். ஏற்றத்தைவிட இறக்கம்தான் என்னைப் பயமுறுத்தியது. தர்மபுரியிலிருந்து சேலம் போகும்போது இரட்டைப் பாலம் பக்கம் மூன்றாவது கியரில் இறங்கினாலும் எஞ்சின் வண்டியைப் பிடிக்கவில்லை. வண்டி தானாக வேகம் எடுத்தது, பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினேன். அந்தக் கணவாயில் எத்தனை உயிர் போயிருக்கிறது என்று நம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்று பக்கத்து சீட்டில் என் மகள் இருந்தாள்.

பட்டறைக்குப் போய்ச் சொன்னேன். "எஞ்சின் வீக் ஆயிருச்சு சார், டீசல் பம்ப் கேலிபரேஷன் பண்ணணும்" என்று இன்னொரு 11,000 வாங்கினார். ஒரு மாற்றமும் இல்லை. கிளட்ச் மட்டும் கருகிய வாடை அடிக்க ஆரம்பித்தது. பாரத்தோடு தோப்பு மேட்டில் வண்டியை நகர்த்த அரை கிளட்சிலேயே நிற்க வேண்டியிருந்தது.

தோப்பில் உடைந்த பிறகு, காவேரிப்பட்டணத்தில் லாரி வேலை பார்த்து ஓய்ந்த ஒரு பெரியவரைக் கூட்டி வந்தேன். அவர் வண்டிக்கு அடியில்கூடப் படுக்கவில்லை. "தம்பி, ஸ்பீடாமீட்டர் சரியா காட்டுதா?" என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. செல்போன் மேப் 80 காட்டும்போது வண்டியின் மீட்டர் 61 காட்டும். பழைய மீட்டர், கேபிள் பழசு என்று விட்டிருந்தேன். அந்த கேபிள் ட்ரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து ஓடுகிறது. ஷாஃப்ட் சுற்றைத்தான் அது எண்ணும், சக்கரத்தை அல்ல. மீட்டர் திடீரென்று குறைத்துக் காட்டினால் ஹவுசிங்கில் கணக்கு மாறியிருக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் ஒரு சாக்பீஸ் கேட்டார். மற்ற மூன்று சக்கரங்களுக்கும் கல் முட்டுக் கொடுத்து, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, பின் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கினோம். டயரில் ஒரு கோடு, பின் ஷாஃப்டில் ஒரு கோடு. ஒரு சக்கரம் தரையில் இருப்பதால் தூக்கிய சக்கரத்தை இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும், அதுதான் கணக்கு. நான் சக்கரத்தைச் சுற்றினேன், அவர் குனிந்து ஷாஃப்டை எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலு சுற்று முடிந்து கோடு கொஞ்சம் தாண்டி நின்றது. ஐந்தேகாலைத் தாண்ட வேண்டிய இடம் அது. முன்னால் அதேபோல் எண்ணினோம். ஐந்தும் மூன்றில் ஒரு பங்குக்கு மேலும். ஹவுசிங்கைத் திறந்தபோது பின்னால் 41-10, அதாவது 4.10. அதுவும் பல் விளிம்பு மழுங்கிய பழைய செட். முன்னால் எங்கள் அப்பா காலத்து 43-8 அப்படியே இருந்தது. கை வைத்த அடையாளமே இல்லை.

எல்லாம் விளங்கிவிட்டது. ஐந்தாவது கியரை மாற்றினால் ஐந்தாவது மட்டும்தான் மாறும். ஹவுசிங்கை மாற்றினால் ரிவர்ஸ் உட்பட எல்லா கியரும் மாறும். 5.38 இருந்த இடத்தில் 4.10 வந்ததால் ஒவ்வொரு கியரிலும் இழுவையில் கிட்டத்தட்ட கால் பங்கு போய்விட்டது, இறக்கத்தில் எஞ்சின் பிடிக்கும் பிடியும் அதே அளவு போய்விட்டது. நான் கேட்ட ஓவர்டிரைவ் 5.38 பெருக்கல் 0.8, அதாவது 4.30. அவர் போட்ட செட்டில் நாலாவது கியரே (அதில் எஞ்சினும் ஷாஃப்டும் ஒரே சுற்று) 4.10. நான் கேட்டதைவிட நீளமான, எஞ்சின் இன்னும் குறைவாகச் சுற்றும் கியர் நாலாவதிலேயே வந்துவிட்டது, அதற்கும் மேல் 3.28-ல் ஐந்தாவது. அந்த கியரில் 80 போகும்போது எஞ்சின் 1,950 சுற்று. 62 குதிரைத்திறன் கிடைப்பது 4,500 சுற்றில், 1,950-ல் கையில் இருப்பது அதில் சுமார் பாதி.

ஃபோர் வீல் போட்டதும் உடைந்ததற்கும் இதுதான் காரணம். பின் சக்கரம் 100 சுற்று போக நினைக்கும் நேரத்தில் முன் சக்கரம் 76-தான் போகப் பார்க்கும். சேற்றில் சக்கரம் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். காய்ந்த தரையில் வழுக்க இடமில்லை, எதாவது ஒன்று உடைந்துதான் ஆக வேண்டும்.

பட்டறைக்காரரிடம் படங்களைக் காட்டினேன். முதலில் "பையன் மாத்திப் போட்டுட்டான்" என்றார். 10,000 திருப்பிக் கொடுத்தார். அதன்பின் போன் எடுக்கவில்லை. எனக்கு நஷ்டம்: வராத முன் செட்டுக்கு 17,000, புதுசு என்று போட்ட பழைய செட்டுக்கு 17,000, தேவையில்லாத பம்ப் வேலைக்கு 11,000, உடைந்த சாமானுக்கு 38,000. பில்லையும் படங்களையும் வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். வேலைக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, பிரச்சினை நடந்து இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால் அந்தக் காலத்தைத் தவறவிடாதீர்கள்.

பட்டறைக்குப் போகும் முன் நான் சொல்வதைச் செய்யுங்கள். உங்கள் டயர் அளவு, ஹவுசிங் பல் எண்ணிக்கை, ஐந்தாவது கியர் எண் மூன்றையும் காகிதத்தில் எழுதி, எந்த வேகத்தில் எஞ்சின் எத்தனை சுற்று வரும் என்று பட்டறைக்காரரையே கணக்குப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கணக்குப் போடத் தெரியாதவரிடம் வண்டியை விடாதீர்கள். கழற்றிய சாமானைச் சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். வண்டி திரும்பி வந்த அன்றே சாக்பீஸ் வைத்து முன்னும் பின்னும் எண்ணிவிடுங்கள், அரை மணி நேர வேலை.

பெரியவரே பின்னால் 43-8 செட் தேடிப் போட்டுக் கொடுத்தார். 0.8 பெட்டி அப்படியே இருக்கிறது. இப்போது 80-ல் எஞ்சின் 2,550 சுற்று. தூங்கவில்லை, ஆனால் பேசினால் பக்கத்து சீட்டுக்குக் கேட்கிறது. போன வாரம் தொப்பூரில் நாலாவதிலேயே ஏறினேன், இறங்கும்போது மூன்றாவது பிடித்து நிறுத்தியது. விசாரணை அடுத்த மாதம்.