பளிங்கு வளர்க்கும் பெட்டியும் கொழும்பின் ஈரக்காற்றும்

ஓகஸ்ட் விடுமுறை தொடங்கிய வாரத்தில், வெள்ளவத்தையில் காலி வீதியோரமாக உள்ள விளையாட்டுப் பொருட் கடையொன்றில், பளிங்கு வளர்க்கும் விஞ்ஞானப் பெட்டியொன்றை 4,850 ரூபாய்க்கு வாங்கினேன். எட்டு வயது மகளும், தரம் ஏழில் படிக்கும் அண்ணனின் மகனும் அந்த விடுமுறை முழுவதும் கைபேசியோடு இருந்துவிடக் கூடாது என்பதைத் தவிர வேறு பெரிய நோக்கம் எனக்கு இருக்கவில்லை. பெட்டிக்குள் இரண்டு நிறங்களில் தூள், நிறமூட்டிய சிறு கற்கள், மூடியுள்ள பிளாஸ்ரிக் கிண்ணங்கள், கலக்குவதற்கு ஒரு தடி, ஒரு செய்முறைத் தாள் ஆகியவை இருந்தன. தாளில் ஆங்கிலமும் சீனமும் மட்டுமே உண்டு; தமிழோ சிங்களமோ ஒரு வரிகூட இல்லை. தூள்ப் பைகளில் ஒன்று ஈரம் பட்டுக் கட்டியாகிக் கிடந்தது. கடைக்காரர் முணுமுணுக்காமல் வேறு பெட்டி மாற்றித் தந்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

செய்முறை எளிது. கற்களைக் கிண்ணத்தின் அடியில் பரப்பி, கொதிநீரில் தூளைக் கரைத்து ஊற்றி, அசைக்காமல் வைத்துவிட வேண்டும். மறுநாட் காலையிலேயே கற்களின் மேல் ஊசி முனைகள் போலப் பளிங்குகள் எழுந்திருந்தன. நான்காம் நாள் நீரை வடித்தபோது ஊதா நிறத்தில் ஒரு சிறு குன்று மேசைமேல் நின்றது. மகளுக்கு அது போதுமாயிருந்தது. மருமகனுக்குப் போதவில்லை. "மாமி, இந்தத் தூள் என்ன? ஏன் இது மட்டும் இவ்வளவு கெதியாய் வருது?" என்று அவன் கேட்டபோது, தாளில் விடை தேடினேன்; கிடைக்கவில்லை. பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருந்த பெயரை உருப்பெருக்கிக் கண்ணாடியால் படித்துத்தான் அது மொனோ அமோனியம் பொஸ்பேற்று என்று அறிந்தோம். பயிர்ப் பசளையாகப் பயன்படுவதும், தீயணைக்கும் உலர்தூள்க் கலன்களில் அடைக்கப்படுவதும் இதே பொருள்தான். இதைச் சொன்னவுடன் பிள்ளைகளின் முகத்தில் தோன்றிய ஆர்வத்தை, அந்த ஊதாக் குன்று தோற்றுவிக்கவில்லை. பெட்டியின் மீது எனக்குள்ள முதலாவது குறையும் இதுவே: எதைச் செய்ய வேண்டும் என்று சொல்கிறது, ஏன் என்று சொல்வதில்லை.

இரண்டாவது குறை நம் ஊரைச் சார்ந்தது. பெட்டியிலுள்ள தாள், தூள் தீர்ந்த பிறகு வீட்டு உப்பைக் கொண்டும் பளிங்கு வளர்க்கலாம் என்றும், சில நாட்களில் நீர் ஆவியாகிவிடும் என்றும் உறுதி கூறுகிறது. கல்லுப்பை வடிகட்டி, இனி உப்புக் கரையாது என்னும் அளவுக்கு நிரம்பிய கரைசல் செய்து, ஜன்னலோரம் வைத்து, பன்னிரண்டு நாள் காத்திருந்தோம். கரைசலின் மட்டம் இறங்கியதாகவே தெரியவில்லை. காரணத்தைத் தேடியபோதுதான் விளங்கியது. காற்றின் சாரீரப்பதன் (ஒப்பு ஈரப்பதம்) ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் நிரம்பிய உப்புக் கரைசல் வற்றாது. மாறாக, உலர்ந்த உப்பே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். மழை நாட்களில் சமையலறை உப்புப் போத்தல் ஏன் வியர்க்கிறது என்பதற்கும், அதற்குள் நாம் ஏன் நாலு அரிசி மணிகளைப் போட்டு வைக்கிறோம் என்பதற்கும் இதுவே விடை. உப்பளங்கள் அம்பாந்தோட்டையிலும் புத்தளத்திலும் ஆனையிறவிலும் இருக்கின்றனவே தவிர, கடல் இருந்தும் கொழும்பில் இல்லாததற்குக் காரணம் கேட்ட மருமகனுக்கு அன்று நல்ல பாடம் கிடைத்தது. மேலும், உப்பின் கரைதிறன் வெப்பநிலையோடு பெரிதாக மாறுவதில்லை. 100 மில்லிலீற்றர் நீரில் 20 பாகை செல்சியசில் ஏறத்தாழ 36 கிராம் கரைந்தால், கொதிநீரில் 39 கிராம்தான். ஆகவே சூடாக்கி ஆறவிடுவதாலும் பயனில்லை. சீனியில் முயன்றதைப் பற்றி விரித்து எழுத வேண்டியதில்லை. பளிங்குக்கு முன்னே எறும்புகள் வந்து சேர்ந்தன.

இந்த இடத்தில்தான் பெட்டியை மூடி வைத்துவிட்டுப் புறக்கோட்டையில் உள்ள நாட்டு மருந்துக் கடையொன்றுக்குப் போனோம். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சீனக்காரம் என்று சொல்லும் படிகாரம் அங்கே கட்டியாகக் கிடைக்கிறது. 250 கிராம் வாங்கியும் பெட்டியின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. படிகாரம் 100 மில்லிலீற்றர் நீரில் 20 பாகையில் 14 கிராம் அளவே கரையும். 50 பாகையிலோ 36 கிராமுக்கு மேல் கரையும். எனவே நீர் ஆவியாகும்வரை காத்திராமல், கரைசல் ஆறும்போதே மிகுதி வெளியே வந்து பளிங்காகிவிடுகிறது. கொழும்பின் ஈரக்காற்று அதைத் தடுக்க முடியாது. ஆயினும் குளிர்நாட்டு அறையின் 20 பாகைக்கு நம் வரவேற்பறை இறங்குவதில்லை என்பதால், புத்தகக் கணக்கைவிடச் சற்றுக் கூடுதலாகவே தூள் போட வேண்டியிருந்தது.

தட்டில் ஓரிரவு ஊற்றி வைத்து, அடியில் விழுந்த மணிகளில் குறையற்ற ஒன்றைத் தெரிந்தெடுத்து, தங்கூசியில் (நைலோன் நூலில்) முடிச்சிட்டு, ஜாம் போத்தலுக்குள் தொங்கவிட்டோம். முதல் மணி இரண்டு நாளில் காணாமற் போயிற்று. இரவில் குளிரூட்டி இயங்கும் படுக்கையறையில் போத்தலை வைத்தது என் பிழை: இரவின் குளிரில் நிரம்பியிருந்த கரைசல் பகலின் சூட்டில் நிரம்பாததாகி, தொங்கிய மணியையே கரைத்துவிட்டது. அடுத்த முறை மீன் வாங்கி வந்த றெஜிபோம் பெட்டியைக் கழுவி, அதற்குள் போத்தலை வைத்து, அலுமாரியின் அடித்தட்டில் தள்ளினோம். மூன்று வாரத்தில் ஏறக்குறைய இரண்டு சென்ரிமீற்றர் அகலத்தில், எட்டு முகங்களும் கண்ணாடி போலத் தெளிந்த எண்முகியொன்று கிடைத்தது. பட்டறையில் வெட்டியது என்று நினைத்த அயலவர் ஒருவர், எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டார்.

ஆகவே, பெட்டி வாங்குவோருக்கு என் கருத்து இது. ஏழெட்டு வயதுப் பிள்ளைக்குப் பிறந்தநாட் பரிசாக, நான்கு நாளில் தவறாமல் கண்ணுக்குத் தெரியும் ஒரு பயன் வேண்டுமென்றால் பெட்டி அதைத் தருகிறது; அளவுகள் சரியாக உள்ளன, கிண்ணங்கள் கொதிநீருக்கு நெளியவில்லை. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கோ அந்தப் பணம் மிகை; படிகாரமே போதும். இரண்டிலும் கொதிநீரைப் பெரியவர்களே ஊற்ற வேண்டும். நீல நிறத்துக்கு ஆசைப்பட்டு மயில்துத்தம் (செப்புச் சல்பேற்று) வாங்குவோரும் உண்டு. அது விழுங்கினால் நஞ்சு, வடிகானில் ஊற்றினால் மீன்களுக்கும் கேடு. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்குள் நான் அதைக் கொண்டுவர மாட்டேன்.

எங்கள் எண்முகிக்கு நிறமற்ற நகப்பூச்சு இரண்டு தடவை பூசி வைத்திருக்கிறோம். தங்கூசி உள்ளே போகும் துளையிலிருந்து ஒரு மெல்லிய விரிசல் ஓடுவதை மருமகன் கண்டுபிடித்துவிட்டான். அடுத்த மணிக்குத் தன் தாயின் தலைமுடியில் ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறான்.