யார்டு பந்தயமா, டச்டவுன் பந்தயமா?

எந்த அணி ஜெயிக்கும் என்பதை விட்டுவிட்டு, ஒரே ஒரு ஆட்டக்காரர் என்ன செய்வார் என்று பணம் கட்டுவது, 2018-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு வழிவிட்ட பிறகு அமெரிக்கக் கால்பந்தில் வெகுவாகப் பெருகிவிட்டது.

யார்டு பந்தயம் என்பது, ஒரு ஆட்டக்காரர் ஓடியோ, எறிந்தோ, பிடித்தோ பந்தை எத்தனை யார்டு தூரம் முன்னேற்றுவார் என்பதன் மீது கட்டுவது. இதில் பந்தய நிறுவனம் 64.5 என்பதுபோல் ஒரு எல்லை வைக்கும். மேலா, கீழா என்று நாம் சொல்ல வேண்டும். வழக்கமான விலை, 110 டாலர் கட்டினால் லாபம் 100. நூற்றுக்கு 52-க்கும் மேல் சரியாகச் சொன்னால்தான் கைக்காசு கரையாது.

டச்டவுன் என்பது பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்குள் சேர்த்துப் புள்ளி எடுப்பது. இந்தப் பந்தயத்தில் பெரும்பாலும் 'போடுவார்' என்ற பக்கத்தை மட்டுமே விற்கிறார்கள். எதிர்ப்பக்க விலை தெரியாததால், நிறுவனம் எவ்வளவு கமிஷன் எடுக்கிறது என்பதும் தெரியாது. குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) எறிந்து இன்னொருவர் பிடித்தால், அது பிடித்தவர் கணக்கு.

2020 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பௌல் இறுதிப் போட்டியைப் பாருங்கள். குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் முதல் கால்பகுதியிலேயே தானே ஓடி டச்டவுன் போட்டார். அந்தப் பந்தயம் அங்கேயே ஜெயித்துவிட்டது. ஓட்ட யார்டில் கட்டியவர்கள் பாடுதான் பரிதாபம். கடைசிக் கட்டத்தில் 44 யார்டு இருந்தது. நேரத்தைக் கடத்த மூன்று முறை பந்தோடு பின்வாங்கி மண்டியிட்டார். அதுவும் ஓட்டக் கணக்கில் சேரும் என்பதால் 15 யார்டு கழிந்து, 29-இல் முடிந்தது. 30-க்கு மேல் என்று கட்டியவர்கள் ஜெயித்த பந்தயத்தைத் தோற்றார்கள்.

இருந்தும் என் ஓட்டு யார்டுக்குத்தான். இரண்டு பக்க விலையும் கண்முன் இருக்கிறது. குவார்ட்டர்பேக்கின் ஓட்ட யார்டை மட்டும் தொடாதீர்கள்.