பத்து வயசு டெஸ்க்டாப்பில் போட்டோ எடிட்டிங்: முழுசாக மாற்றாமல் ஓட்டிய ஒன்றரை வருடம்

2016இல் அசெம்பிள் செய்த மெஷின். ஐ7-6700 பிராசஸர், 16 ஜிபி ராம், சின்ன சாட்டா எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பு), படங்களுக்கு ஒரு ஹார்ட் டிஸ்க், அடுத்த வருடம் சேர்த்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டு. மும்பையில் மாட்டுங்கா, செம்பூர் பக்கம் நம்ம தமிழர்கள் வீட்டுக் கல்யாணமும் சீமந்தமும் படம் எடுப்பதுதான் எனக்கு முக்கிய வேலை, குளிர்காலத்தில் பூநாரைகள் வந்துவிட்டால் விடியற்காலையில் அவற்றைப் படம் எடுக்க சிவ்ரி கடலோரத்துக்குப் போய்விடுவேன். 24 மெகாபிக்சல் கேமரா இருந்தவரை ஒரு தொந்தரவும் இல்லை. 45 மெகாபிக்சலுக்கு மாறிய பிறகுதான் தடுமாற ஆரம்பித்தது.

ஒரு கல்யாணத்துக்கு 2,000 ரா ஃபைல் (கேமரா தரும் மூலப் படம்) சாதாரணம். ஊஞ்சலில் அடுத்தடுத்து எடுத்த பத்துப் படத்தில் எதில் பெண் கண்ணை மூடவில்லை என்று தெரிய ஒவ்வொன்றையும் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும், படம் தெளிய நாலு விநாடி, அடுத்ததற்கு இன்னொரு நாலு. அதைவிடக் கஷ்டம், படம் திருத்தும் லைட்ரூமில் 2023 ஏப்ரலில் வந்த ஏஐ டீநாய்ஸ், அதாவது படத்தில் தெரியும் புள்ளிகளை நீக்கும் வசதி. மண்டபத்து மங்கல் வெளிச்சத்தில் ஒளி உணர்திறனை ஏற்றி ஐஎஸ்ஓ 6400இல் எடுத்த படங்களுக்கு அது வரப்பிரசாதம், ஆனால் என் கார்டில் ஒரு படத்துக்கு ஒன்பது நிமிடம். நாற்பது படம் என்றால் ஆறு மணி நேரம், ராத்திரி போட்டுவிட்டுக் காலையில்தான் பார்ப்பேன்.

லாமிங்டன் ரோட்டில் ஒரு கடையில் விசாரித்தேன். எல்லாமே பழசு, எதுவும் தேறாது, மொத்தமாக மாற்ற ஒரு லட்சத்துப் பத்தாயிரம் என்றார்கள். அந்தப் பணத்துக்கு நல்ல லென்ஸ் ஒன்று வரும், மனசு ஒப்பவில்லை. தாராவியில் ரிப்பேர் பார்க்கும் ஒரு தம்பியிடம் கொண்டுபோனேன். "அண்ணாச்சி, எது உங்கள காக்க வைக்குதுன்னு மொதல்ல பாப்போம், அப்புறம் வாங்கலாம்" என்று, எந்தப் பாகம் எவ்வளவு உழைக்கிறது எனக் காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துவிட்டு, வழக்கம்போல வேலை செய்யுங்கள் என்றார். படங்களைப் புரட்டும்போது ஹார்ட் டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றது, சிபியூ (பிராசஸர்) 30ஐத் தாண்டவில்லை. டீநாய்ஸ் ஓடும்போது கார்டின் 4 ஜிபி மெமரி நிரம்பிவிட்டது. முடித்த படங்களை ஜேபெக்காக மாற்றும் எக்ஸ்போர்ட்டில் மட்டும்தான் சிபியூ முழுசாக ஓடியது, அதுவும் சூடு 95 டிகிரியைத் தாண்டி வேகம் தானாகக் குறைந்தது. பிராசஸரின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கைக் கழற்றினால், இரண்டுக்கும் நடுவே சூடு கடத்தும் எட்டு வருடத்துப் பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பு மாதிரி உதிர்கிறது, தகடுகளுக்கு நடுவே தூசியும் கடற்காற்று ஈரமும் சேர்ந்து கம்பளித் துணி போலப் படிந்திருக்கிறது, பழைய டூத் பிரஷ்ஷால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்தார். புதுப் பேஸ்ட் போட்டதும் சூடு 70க்கு இறங்கியது. செலவு 400 ரூபாய்.

அப்புறம்தான், 2024 ஆடியில், கல்யாணம் இல்லாத மாதமாகப் பார்த்து, 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (சாட்டாவைவிட வேகமான வகை), இன்னொரு 16 ஜிபி ராம், 12 ஜிபி மெமரி உள்ள ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு வாங்கினேன். பழைய கார்டு 75 வாட், இது 170 வாட் இழுக்கும், அதனால் என் 450 வாட் பவர் சப்ளையையும் மாற்ற வேண்டியதாயிற்று. கார்டு வாங்குகிறவர்கள் இந்தச் செலவையும் முதலிலேயே சேர்த்துக் கணக்குப் போடுங்கள், கேபினட்டில் நீளத்தையும் அளந்துவிடுங்கள், எனக்கு ஹார்ட் டிஸ்க் கூண்டைக் கழற்றினால்தான் கார்டு உள்ளே போனது. எல்லாம் சேர்த்து நாற்பதாயிரத்துச் சொச்சம்.

ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. லைட்ரூமின் கேட்டலாக் (படங்களின் பட்டியல்), பிரிவியூ (திரையில் பார்ப்பதற்கான நகல்), அந்த மாதத்துப் படங்கள் எல்லாம் புது எஸ்எஸ்டியில், முடிந்த வேலை மட்டும் ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும். பெரிதாக்கினால் ஒரு விநாடிக்குள் தெளிகிறது. டீநாய்ஸ் ஒரு படத்துக்கு முக்கால் நிமிடம், நாற்பது படமும் அரை மணியில் முடிந்துவிடுகிறது, அதே ராத்திரி வீட்டாருக்குப் பத்துப் படம் அனுப்ப முடிகிறது. லைட்ரூமும் போட்டோஷாப்பும் சேர்த்துத் திறந்தால் முன்பு வரும் திணறல் 32 ஜிபியில் இல்லை. எக்ஸ்போர்ட்தான் என் மெஷினில் இன்னும் மெதுவாக இருக்கிறது, 600 ஜேபெக்குக்கு நாற்பது நிமிடம். உங்கள் வேலை பெரும்பாலும் எக்ஸ்போர்ட் என்றால் நான் செய்தது உங்களுக்குப் பெரிதாக உதவாமல் போகலாம், பிராசஸரையும் யோசியுங்கள். படங்களைத் தேர்ந்தெடுப்பது மட்டும்தான் பிரச்சினை என்றால் ஒன்றும் வாங்குவதற்கு முன் லைட்ரூமில் படங்களை ஏற்றும் இம்போர்ட்டிலேயே முழு அளவு 1:1 பிரிவியூ உருவாக்கச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்ப் பாருங்கள், திரும்பி வரும்போது பாதித் தொல்லை தீர்ந்திருக்கும்.

இப்போது என்னை மாற்றச் சொல்வது வேகம் இல்லை, விண்டோஸ். 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது, 11க்கு இன்டெல் பிராசஸரில் பொதுவாகக் குறைந்தது 8ஆம் தலைமுறை வேண்டும், என்னுடையது 6. வீட்டுப் பயனாளர்களுக்கு நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்டும் 2026 அக்டோபரோடு சரி என்று அறிவித்திருந்தார்கள். வாடிக்கையாளர் படங்கள் இருக்கும் மெஷினை அதற்குப் பிறகு நெட்டில் வைத்திருக்க எனக்குத் தைரியம் இல்லை. கார்டு, எஸ்எஸ்டி, பவர் சப்ளை மூன்றும் அப்படியே புதியதற்குப் போகும், 12ஆம் தலைமுறையில் என் டிடிஆர்4 வகை ராமுக்குப் பொருந்தும் மதர்போர்டும் இருப்பதால் ராமும் வீணாகாது. போர்டும் பிராசஸரும் மட்டும் வாங்க வேண்டும். வரும் ஆடியில் தாராவித் தம்பியிடமே கொடுத்து மாற்றப் போகிறேன்.